பழைய சிறுவிமானம் முரண்டு பிடித்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

இன்ஜின் சரியாக ஓடவில்லை என்றதும் சந்தேகப்பட்ட பாகத்தைக் கழற்றிவிடுவது பழைய விமானம் வைத்திருப்பவர்கள் பலருக்கும் உள்ள பழக்கம். நானும் அதைச் செய்திருக்கிறேன். பிளக்குகளுக்குப் பொறிக்கான மின்சாரம் தரும் மேக்னெட்டோவைக் கழற்றி, பட்டறைக்கு அனுப்பி, மூன்று வாரம் காத்திருந்து, திரும்ப மாட்டி, டைமிங் வைத்து ஓட்டிப் பார்த்தால் அதே உதறல். கடைசியில் பார்த்தால், ஒரு பிளக்கின் வாயில் மிளகளவு ஈய உருண்டை ஒன்று உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: இது எப்போது வருகிறது?

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? தரையிலா, மேலே ஏறிய பிறகா? சட்டென்று வருகிறதா, மெல்ல மெல்லவா? கடைசியாக யார் எதைத் தொட்ட பிறகு தொடங்கியது? இந்த நாலு கேள்விக்கும் பதில் எழுதி வைத்தாலே சந்தேகப் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் கீழே எல்லா இடத்திலும் "எங்கே" என்பதைவிட "எப்போது" என்பதைத்தான் முன்னால் வைத்திருக்கிறேன்.

1930களின் கடைசியிலிருந்து 1950கள் வரை வந்த இரண்டு இருக்கை விமானங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பைப்பர் ஜே-3 கப், ஏரோன்கா சாம்ப், டெய்லர்கிராஃப்ட், லஸ்கம், செஸ்னா 120, 140 எல்லாம் அந்த வகை. பெரும்பாலும் கான்டினென்டல் நாலு சிலிண்டர் இன்ஜின்தான் இருக்கும்: 65 குதிரைத்திறன் ஏ-65, 85 குதிரைத்திறன் சி-85, சிலவற்றில் பிறகு மாற்றிப் போட்ட ஓ-200. எண்கள் என்று வரும்போது உங்கள் விமானத்தின் கையேடு சொல்வதே முடிவு. கழற்றி மாட்டும் வேலையை உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆனால் அறிகுறியைக் கவனித்துச் சொல்வது ஓட்டுகிறவர் வேலை. அதை நம்மைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது.

புரொப்பெல்லரில் கை வைப்பதற்கு முன்

மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை. புரொப்பெல்லர் திரும்பினால் பொறி வரும். சுவிட்சை "ஆஃப்" செய்யும்போது எந்த மின்சாரமும் துண்டிக்கப்படுவதில்லை. மேக்னெட்டோவின் உள்சுற்றை ஒரு ஒயர் வழியாக விமானத்தின் உடலோடு இணைக்கிறோம், அவ்வளவுதான். அந்த ஒயர் அறுந்திருந்தால் சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஏ-65 இன்ஜினோடு வரும் ஸ்ட்ராம்பெர்க் என்ஏ-எஸ்3 கார்புரேட்டரில் மிக்ஸ்சரை (பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் லீவர்) இழுத்து இன்ஜினை நிறுத்த முடியாது. பலவற்றில் மிக்ஸ்சர் லீவரையே முழு ரிச்சில், அதாவது பெட்ரோல் அதிகம் போகும் நிலையில், கம்பி போட்டுக் கட்டியிருப்பார்கள். சுவிட்சால்தான் நிறுத்துகிறோம். ஆகவே நிறுத்திய பிறகும் சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை மிச்சம் இருக்கும். அறுந்த ஒயரும் மிச்சக் கலவையும் சேர்ந்தால், ஓரமாகத் தள்ளி வைக்கலாம் என்று புரொப்பெல்லரைப் பிடித்தவர் கை போய்விடும்.

அதனால் புரொப்பெல்லரை எப்போதும் உயிருள்ளதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் கட்டை, வாலுக்குக் கயிறு, உள்ளே பிரேக்கும் திராட்டிலும் தெரிந்த ஒருவர். இந்த மூன்றும் இல்லாமல் கையால் சுழற்ற வேண்டாம். நாளின் கடைசி ஓட்டம் என்றால் பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து இன்ஜின் தானாக நிற்க விடுங்கள். சிலிண்டரில் மிச்சம் இருக்காது.

ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது

குளிர்ந்த இன்ஜினில் இரண்டு விதமாக இது நடக்கும். பிரைமர் (இன்ஜினுக்குள் பெட்ரோல் பீய்ச்சும் கைப்பம்பு) அடித்தவுடன் நாலைந்து முறை வெடித்து, கொஞ்சம் ஓடி, நின்றுவிடுகிறதா? நல்ல செய்தி. பொறி இருக்கிறது, கம்ப்ரஷன் இருக்கிறது. பிரைமர் கொடுத்த பெட்ரோலில்தான் ஓடியது, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வரவில்லை. பெட்ரோல் வால்வு திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு இன்ஜின் அறை அடியில் உள்ள வடிகட்டிக் கிண்ணத்தின் குழாயை ஒரு டப்பாவில் திறந்துவிடுங்கள். ஓட்டம் ஒரே சீராக, நிற்காமல் வர வேண்டும். அங்கே நன்றாக வந்தால் கார்புரேட்டர் நுழைவாயிலில் உள்ள சின்ன சல்லடை, அதற்கடுத்து ஃப்ளோட் நீடில் (மிதவையோடு ஏறி இறங்கிப் பெட்ரோல் வரத்தைத் திறந்து மூடும் ஊசி). மாதக்கணக்கில் நின்ற விமானத்தில் காய்ந்த பெட்ரோல் பிசின்போல ஆகி நீடில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு வெடிப்பும் இல்லை என்றால் பொறியைப் பாருங்கள். இம்பல்ஸ் கப்ளிங் உள்ள மேக்னெட்டோவில், மெதுவாகச் சுழற்றும்போது "டக்" என்று சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். உள்ளே ஒரு ஸ்பிரிங் இறுகி, சரியான நேரத்தில் விடுபட்டு, மேக்னெட்டோவை ஒரு கணம் வேகமாகச் சுண்டிவிடுகிறது. பொறி பலமாகவும் கொஞ்சம் தாமதமாகவும் வருவது அதனால்தான். சத்தம் இல்லையென்றால் பழைய ஆயில் கெட்டிப்பட்டு உள்ளே உள்ள கொக்கி விழாமல் மாட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் பொறி முன்கூட்டியே வந்து புரொப்பெல்லர் பின்னோக்கி உதைக்கும். உதைத்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். இன்னொரு முறை முயற்சி செய்யும் விஷயம் இல்லை அது.

திராட்டிலை முன்னும் பின்னும் ஆட்டுவதால் பயன் உண்டா? ஸ்ட்ராம்பெர்க்கில் ஆக்ஸிலரேட்டர் பம்பே கிடையாது, எத்தனை ஆட்டினாலும் ஒன்றும் வராது. ஓ-200 இன்ஜினிலும் சில சி-85 இன்ஜின்களிலும் வரும் மார்வெல் வகையில் பம்பு உண்டு. ஆனால் கார்புரேட்டர் இன்ஜினுக்குக் கீழே இருப்பதால், இன்ஜின் சுழலாமல் ஆட்டினால் பெட்ரோல் மேலே போகாது, வழிந்து காற்றுப்பெட்டியில் தேங்கும். ஒரு பின்வெடிப்பு போதும், தீப்பிடிக்கும். பிரைமரையே பயன்படுத்துங்கள்.

சூடான இன்ஜின் வேறு கதை. இறங்கி, பெட்ரோல் போட்டு, பத்து நிமிடத்தில் திரும்பினால் ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் வாசனை தூக்கலாக இருந்தால் கலவை அதிகமாகிவிட்டது. பெட்ரோலை மூடி, சுவிட்சை ஆஃப் செய்து, திராட்டிலை முழுதாகத் திறந்து, புரொப்பெல்லரைப் பின்னோக்கிப் பல சுற்று சுற்றி வெளியேற்றுங்கள். வாசனையே இல்லை, ஒரு மணி நேரம் ஆறிய பிறகு ஒரே சுழற்றில் பிடிக்கிறது என்றால் மேக்னெட்டோவின் காயிலையோ கண்டன்ஸரையோ சந்தேகப்படலாம். இரண்டும் சூட்டில் பலவீனப்பட்டு, ஆறியதும் திரும்பிவிடும். பட்டறை மேஜையில் குளிர்ந்த நிலையில் சோதித்து "நன்றாகத்தானே இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சூடாக்கிச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

மேக்னெட்டோ சோதனையில் ஆர்பிஎம் இறங்குகிறது

ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலும் கீழுமாக இரண்டு பிளக், அவற்றுக்கு இரண்டு மேக்னெட்டோ. சோதனையில் ஒன்றை அணைத்து மற்றதில் மட்டும் ஓட்டிப் பார்க்கிறோம். ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) கொஞ்சம் இறங்கத்தான் வேண்டும். இரண்டு பிளக்குக்குப் பதில் ஒன்று எரிந்தால் எரிதல் மெதுவாகும். அளவு கையேட்டில் இருக்கிறது. அந்த எண்ணைவிட முக்கியம், எப்படி இறங்குகிறது என்பது.

நிறைய இறங்கி, இன்ஜினும் உதறுகிறது: ஒரு சிலிண்டர் அந்த மேக்னெட்டோவில் எரியவில்லை. பெரும்பாலும் பிளக், சில நேரம் ஒயர். மேக்னெட்டோவை விட்டுவிட்டு முதலில் குளிர்ந்த சிலிண்டரைத் தேடுங்கள். குளிர்ந்த இன்ஜினைச் சந்தேகமான மேக்னெட்டோவில் மட்டும் ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, நாலு எக்ஸாஸ்ட் குழாயின் தலையிலும் சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூன்றில் சுர்ரென்று ஆவியாகும். ஒன்றில் அப்படியே வழியும். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் இன்னும் சுலபம்.

நிறைய இறங்குகிறது, ஆனால் ஓட்டம் வழுவழுப்பாகவே இருக்கிறது: நாலு சிலிண்டரும் எரிகிறது, நேரம் தப்பி எரிகிறது. பாயின்ட் இடைவெளி தேய்ந்து டைமிங் தள்ளிப்போயிருக்கும்.

இறங்கவே இல்லை: பலர் இதைக் கண்டு மகிழ்ந்துபோகிறார்கள். இதுதான் மிகவும் ஆபத்தானது. அணைக்கப்பட வேண்டிய மேக்னெட்டோ அணையவில்லை, அதை விமான உடலோடு இணைக்கும் தரை ஒயர் அறுந்திருக்கிறது. நிறுத்துவதற்கு முன் ஐடிலில் (திராட்டிலை மூடிய குறைந்த ஓட்டத்தில்) ஒரு கணம் சுவிட்சை ஆஃப் செய்து திருப்புங்கள். இன்ஜின் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் பெட்ரோலை மூடி நிறுத்திவிட்டு, புரொப்பெல்லரில் சிவப்புத் துணி கட்டி, யாரும் தொடக்கூடாது என்று எழுதி மாட்டிவிட்டுத்தான் அங்கிருந்து நகர வேண்டும்.

இடது, வலது, இரண்டும் என எதில் வைத்தாலும் உதறல் ஒரே மாதிரி இருக்கிறது: மேக்னெட்டோவை விடுங்கள். இது பொறிப் பிரச்சினையே இல்லை. வால்வு, கார்புரேட்டர், காற்று உறிஞ்சும் குழாய் என்று போக வேண்டும்.

இப்போது அந்த ஈய உருண்டைக்கு வருகிறேன். ஏ-65 இன்ஜின் 73 ஆக்டேன் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. பிற்காலத்தில் இதுபோன்ற இன்ஜின்களுக்குக் கிடைத்த 80/87 பெட்ரோலில் லிட்டருக்கு அதிகபட்சம் 0.14 கிராம் ஈயம். இன்றைய 100 எல்எல் பெட்ரோலில் 0.56 கிராம் வரை. பெயரில் "குறைந்த ஈயம்" என்று இருந்தாலும் நம் இன்ஜினுக்கு அது நாலு மடங்கு. குறைந்த சூட்டில் ஓடும் இன்ஜினில் அந்த ஈயம் ஆவியாகி வெளியேறாமல் கீழ்ப் பிளக்குகளில் தங்கும். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் பீங்கானைச் சுற்றியுள்ள பள்ளத்தில் சாம்பல் நிறத்தில், கண்ணாடிபோல மினுக்கும் சின்னச் சின்ன உருண்டைகள் தெரியும். கூரான ஊசியால் நெம்பினால் "டிக்" என்று தெறித்து விழும். பீங்கான் மேல் கீறல் விழாமல் எடுக்க வேண்டும்.

தரையில் 600, 700 ஆர்பிஎம்மில் நீண்ட நேரம் நிற்பதுதான் இதை வளர்க்கிறது. காத்திருக்கும்போது 1000 அளவில் வைத்திருங்கள். பிளக்குகளை மேலும் கீழும் இடம் மாற்றிப் போடும் பழக்கமும் நல்லது. கீழ்ப் பிளக்கில் ஈயத்துக்குப் பதில் கறுப்பாக ஈர ஆயில் இருந்தால் அது வேறு நோய், பிஸ்டன் ரிங் அல்லது வால்வுத் தண்டு ஓடும் கைடு.

ஐடிலில் தடுமாறுகிறது, கறுப்புப் புகை வருகிறது

கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் பிரைமர் கைப்பிடியைப் பாருங்கள். உள்ளே தள்ளித் திருகிப் பூட்டாமல் விட்டிருந்தால் இன்ஜின் அதன் வழியாகப் பெட்ரோலைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். திராட்டிலைத் திறந்தால் சரியாகிவிடும், மூடினால் தடுமாறும். பூட்டியும் அப்படியே என்றால் பிரைமர் உள்ளே உள்ள ஓ-ரிங் தேய்ந்திருக்கும். மிக மலிவான பாகம்.

பறக்கும்போது ஆர்பிஎம் மெல்ல மெல்லக் குறைகிறது

திராட்டிலைத் தொடவில்லை, உயரம் மாறவில்லை. 2150 இருந்த இடத்தில் 2100. கொஞ்சம் தள்ளிவிடுகிறீர்கள். பத்து நிமிடத்தில் மறுபடி 2100. இது கார்புரேட்டர் பனி. வெளியே வெயில் அடிக்கும்போது பனியா என்று நம்பாமல் இருந்துவிடுகிறோம். பெட்ரோல் ஆவியாவதாலும் கார்புரேட்டரின் குறுகிய கழுத்தான வென்ச்சுரியில் காற்று விரிவதாலும் உள்ளே வெப்பநிலை 20 டிகிரிக்கு மேலேயே விழக்கூடும். காற்றில் ஈரம் இருந்தால் வெளியே 20, 25 டிகிரி இருந்தாலும் திராட்டில் தகட்டைச் சுற்றிப் பனி கட்டும். சின்ன கான்டினென்டல்கள் இதற்குப் பேர்போனவை.

செய்ய வேண்டியது: கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திருப்பிவிடும் கார்புரேட்டர் ஹீட்டை முழுதாக இழுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள். முதலில் ஆர்பிஎம் இன்னும் குறையும், இன்ஜின் உதறும், கரைந்த தண்ணீரை விழுங்கி இருமும். இந்த இடத்தில்தான் பயந்துபோய் ஹீட்டைத் திரும்பத் தள்ளிவிடுகிறார்கள். தள்ள வேண்டாம். அரை நிமிடம், ஒரு நிமிடம் பொறுங்கள். ஆர்பிஎம் தானாக ஏறத் தொடங்கும். ஏறினால் பனி இருந்தது என்று பொருள். ஹீட் இழுத்ததும் கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றால் பனி இல்லை.

தரையில் சோதிக்கும்போது ஹீட் இழுத்தும் ஆர்பிஎம் அசையவே இல்லையென்றால் கேபிள் கழன்றிருக்கிறது, அல்லது பெட்டிக்குள் கதவு உடைந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் கிளம்பக்கூடாது.

இருபது நிமிடம் நன்றாகப் பறந்து, பிறகு அடங்குகிறது

இதை நான் நேரில் பட்டு அறிந்தேன். ஸ்டார்ட் நன்றாக இருந்தது, சோதனை நன்றாக இருந்தது, ஏற்றம் நன்றாக இருந்தது. இருபது நிமிடம் கழித்து இன்ஜின் பெட்ரோல் தீர்ந்ததுபோலத் துவண்டது. ஓடுபாதை பக்கத்தில் இருந்ததால் சறுக்கி இறங்கிவிட்டேன். தரையில் ஐந்து நிமிடம் நின்ற பிறகு மறுபடி நன்றாக ஓடியது. வடிகட்டி சுத்தம், தண்ணீர் இல்லை, டேங்கில் பாதிக்கு மேல் இருந்தது. மறுநாள் தரையில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். துவண்டதும் டேங்க் மூடியைத் திறக்கச் சொன்னேன். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுத்தது.

மூடியில் ஒரு காற்றுத் துளை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அந்தத் துளையில் ஒரு குளவி மண்ணைக் குழைத்துக் கூடு கட்டியிருந்தது. புவியீர்ப்பால் மட்டுமே பெட்ரோல் வரும் விமானத்தில் டேங்குக்குள் லேசாக வெற்றிடம் உண்டானாலே போதும், ஓட்டம் நின்றுவிடும். நின்ற பிறகு மெதுவாகக் காற்று கசிந்து சமமாகிவிடும். அதனால்தான் ஐந்து நிமிடத்தில் குணமானது.

மூடியைக் கழற்றித் துளையில் வாயால் ஊதிப் பாருங்கள், பத்து வினாடி வேலை. முன்னோக்கி வளைந்த சிறு குழாய் உள்ள மூடியென்றால் அதன் வாய் காற்று வரும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னோக்கி வைத்துவிட்டால் ஊதுவதற்குப் பதில் உறிஞ்சும்.

ஜே-3 கப்பில் மூடி வழியாக நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிதான் பெட்ரோல் அளவு காட்டி. அடியில் தக்கை மிதவை. எத்தனால் கலந்த பெட்ரோல் ஊற்றினால் தக்கையின் மேல் பூசிய அரக்கு கரைந்து, தக்கை பெட்ரோலை உறிஞ்சி மூழ்கிவிடும். கம்பி இறங்கிக் கிடக்கிறது, டேங்க் நிறைந்திருக்கிறது என்றால் இதுதான். கம்பி வளைந்து மூடியில் உரசி மேலேயே நின்றுகொண்டால் இன்னும் மோசம். காலி டேங்கை நிறைந்ததாகக் காட்டும். விரலால் கம்பியை அழுத்திவிட்டுத் தானாக எழும்புகிறதா என்று கிளம்புமுன் பாருங்கள்.

ஆயில் பிரஷர் காட்டவில்லை, அல்லது குறைகிறது

ஸ்டார்ட் செய்து 30 வினாடிக்குள் முள் எழவில்லையென்றால் நிறுத்துங்கள். நீண்ட நாள் நின்ற விமானத்திலும், ஆயில் சல்லடையைக் கழற்றி மாட்டிய பிறகும் பம்பு காய்ந்துபோய் இழுக்காமல் இருப்பதுண்டு. சல்லடை இருக்கும் இடத்தைத் திறந்து பம்புக்குள் ஆயில் நிரப்பினால் பிடித்துக்கொள்ளும். "கொஞ்சம் ஓடட்டும், வந்துவிடும்" என்று காத்திருந்தால் பேரிங் போய்விடும்.

ஏ-65 இன்ஜினில் பறக்கும்போது 30 முதல் 40 பிஎஸ்ஐ, ஐடிலில் 10க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆயில் சூடாகச் சூடாக மெதுவாகக் குறைந்தால் ஆயிலின் தடிமன், அளவு, கடைசியில் பேரிங் தேய்மானம் என்ற வரிசையில் பாருங்கள். மொத்தமே ஏறத்தாழ 3.8 லிட்டர்தான் பிடிக்கும், அதனால் ஒரு லிட்டர் குறைந்தாலே தெரியும். ஏற்றத்திலோ திரும்பும்போதோ மட்டும் முள் துள்ளினால் ஆயில் குறைவு.

முள் சட்டென்று பாதிக்கு விழுந்தால், மிகுந்த ஆயில் அழுத்தத்தைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வைத் திறந்து பாருங்கள். பென்சில் கூர்போன்ற ஒரு முனை, அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங். அந்த முனை உட்காரும் விளிம்பில் தலைமுடி அளவு கார்பன் துணுக்கு ஒன்று படிந்தால் போதும், மூடாமல் ஆயில் திரும்ப வழியும். துடைத்து, விளிம்பில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்து மாட்ட வேண்டும். பிரஷரை ஏற்றுவதற்காக ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு இறுக்குவதை நான் ஏற்க மாட்டேன். முள் ஏறும், காரணம் அப்படியே இருக்கும்.

முள் பூஜ்யம், காலுக்கடியில் ஆயில் ஈரம் என்றால் காட்டிக்குப் போகும் சன்னக் குழாய் வெடித்திருக்கிறது. பழைய விமானங்களில் இன்ஜின் ஆயிலே நேரடியாகக் காட்டி வரை வரும். உடனே இறங்குங்கள். மூன்றே முக்கால் லிட்டர் வெளியேற அதிக நேரம் ஆகாது.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் உதறுகிறது

ஒரு சிலிண்டர் சேர்ந்துகொள்ளாமல் உதறி, இரண்டு மூன்று நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. அப்புறம் நாள் முழுக்க நன்றாக ஓடுகிறது. "குளிர்" என்று சொல்லி விட்டுவிடத் தோன்றும், விட்டுவிடக்கூடாது. எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு கைடுக்குள் படிவால் இறுகுகிறது. இன்றைக்கு மூன்று நிமிடம் ஒட்டிக்கொண்ட வால்வு ஒரு நாள் ஏற்றத்தின் நடுவில் ஒட்டிக்கொள்ளும். அப்போது வால்வைத் தள்ளும் புஷ்ராட் வளையும், சிலிண்டர் ஒன்று போகும். 65 குதிரைத்திறனில் கால் பங்கு போனால் உயரத்தைத் தக்கவைப்பதே கடினம்.

கம்ப்ரஷன் சோதனை செய்யும்போது எண்ணை மட்டும் குறிக்காமல் சத்தம் எங்கே வருகிறது என்று கேளுங்கள். எக்ஸாஸ்ட் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். கைடைச் சுத்தம் செய்து சரியான அளவுக்குச் சீவுவது பழகிய கைக்கு ஒரு நாள் வேலை, சிலிண்டரைக் கழற்றாமலே செய்யும் முறையும் உண்டு. மறுபடி படியாமலிருக்க, சல்லடை மட்டும் உள்ள இந்த இன்ஜின்களில் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றுங்கள்.

ஆயில் கசிவு, பெட்ரோல் சொட்டு

புஷ்ராட் குழாய் இணைப்பிலும் வால்வு மூடியிலும் கசிவது சகஜம். தக்கை கேஸ்கெட்டை மேலும் மேலும் இறுக்கினால் பிதுங்கி இன்னும் கசியும், புதிது போடுங்கள். ஆனால் குளிர்நாளில் திடீரென்று முன் சீல் வழியே ஆயில் பீய்ச்சி கண்ணாடியெல்லாம் படிந்தால் சீலைக் குறை சொல்வதற்கு முன் இன்ஜினின் மூச்சுக்குழாயைப் பாருங்கள். நுனியில் ஈரம் உறைந்து அடைத்து, உள்ளே அழுத்தம் ஏறி சீலைத் தள்ளியிருக்கும்.

நிறுத்தி வைத்த விமானத்தின் காற்றுப்பெட்டியிலிருந்து பெட்ரோல் சொட்டினால் ஃப்ளோட் நீடில் சரியாக உட்காரவில்லை. நீடிலும் அது உட்காரும் துளை விளிம்பும் சேர்ந்து மாற வேண்டும். அதுவரை நிற்கும் நேரமெல்லாம் பெட்ரோல் வால்வை மூடியே வைத்திருங்கள்.

அதிர்வு கூடியிருக்கிறது

மரப் புரொப்பெல்லர் என்றால் போல்ட்டுகளை முதலில் பாருங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும், வறண்ட காலத்தில் சுருங்கும், போல்ட்டின் பிடி தளரும். தளர்ந்த ஹப்பில் மரம் உரசி, கழற்றினால் கருகிய தடம் தெரியும். புதிதாக மாட்டியதும் முதல் பறப்புக்குப் பிறகு ஒரு முறை, அப்புறம் பருவம் மாறும்போதெல்லாம் டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். நிறுத்தும்போது படுக்கை வாட்டில் விடுங்கள். செங்குத்தாக விட்டால் ஈரம் புரொப்பெல்லரின் கீழ்ப்பாதியில் இறங்கி ஒரு பக்கம் கனக்கும். நுனித் தகட்டின் சிறு துளைகள் அடைபட்டாலும் அதே கதிதான்.

இரண்டு நுனியும் ஒரே தளத்தில் சுற்றுகிறதா என்று பார்க்க, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, நுனிக்கு எதிரே ஒரு பெட்டியை வைத்து அடையாளமிட்டு மெதுவாகச் சுற்றுங்கள். மரத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது. அதுவும் சரியென்றால் இன்ஜின் தாங்கும் ரப்பர்கள். கல்லாகக் கெட்டிப்பட்டிருந்தால் மாற்றுங்கள்.

ஹீட்டர் போட்டால் தலை வலிக்கிறது

மேலே பறக்கும்போது இதற்கு ஆராய்ச்சி வேண்டாம். ஹீட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, இறங்குங்கள். ஹீட்டர் காற்றைச் சூடாக்கும் எக்ஸாஸ்ட் குழாயில் விரிசல் விழுந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே வருகிறது. அதற்கு வாசனை கிடையாது. தரைக்கு வந்ததும் அந்தக் குழாயைச் சுற்றியுள்ள உறையைக் கழற்றி, வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைக் குழாயில் செருகி, சோப்புத் தண்ணீர் பூசுங்கள். குமிழி வரும் இடம்தான் விரிசல். மின்னணு எச்சரிக்கைக் கருவி ஒன்றை எப்போதும் உள்ளே வைத்திருங்கள். நிறம் மாறும் அட்டை வில்லைகள் சில மாதங்களில் செத்துவிடும்.

இறங்கியதும் வால் சக்கரம் படபடவென்று ஆடுகிறது

காற்று அழுத்தம், தளர்ந்த சங்கிலி, தேய்ந்த பேரிங் எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் ஆடுகிறது என்றால் பக்கவாட்டில் உட்கார்ந்து சக்கரம் திரும்பும் அச்சைக் கவனியுங்கள். விமானத்தில் ஆளும் பாரமும் இருக்கும்போது அந்த அச்சு செங்குத்தாகவோ, மேல்நுனி லேசாகப் பின்னால் சாய்ந்தோ இருக்க வேண்டும். பட்டை ஸ்பிரிங் வருடக்கணக்கில் தட்டையாகிப் போனால் மேல்நுனி முன்னால் சாயும், ஆட்டம் தொடங்கும். ஸ்பிரிங்கை மறுவளைவு செய்தோ மாற்றியோ ஆக வேண்டும். ஆட்டம் வரும் கணத்தில் வாலை ஏற்றி இறக்கும் எலிவேட்டரின் கம்பை முன்னே விட்டு வாலின் பாரத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும், ஆனால் அது தற்காலிகம்.

துணி தளர்கிறது, கொப்புளம் தெரிகிறது

விமானத்தைப் போர்த்தியிருப்பது பருத்தித் துணியென்றால், கிரேடு-ஏ என்ற வகை புதிதில் அங்குலத்துக்கு 80 பவுண்டு தாங்கும், 56க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். சோதிப்பவர்கள் பக்கவாட்டில் நிழலான இடத்தில் சோதித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பார்கள். வெயில் நேராக விழும் இறக்கையின் மேற்பரப்பில், அடர் நிறம் பூசிய இடத்தில் சோதிக்கச் சொல்லுங்கள், முதலில் சாவது அங்கேதான். பாலியெஸ்டர் துணியில் நூலைக் காப்பது உள்ளே உள்ள வெள்ளிப் பூச்சு. இறக்கையின் சோதனை ஓட்டை வழியாக இருட்டில் ஒரு விளக்கை நுழைத்து வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் ஊடுருவினால் பூச்சு போதவில்லை.

துணியைவிட எனக்குக் கவலை தருவது அதற்குள் மறைந்திருக்கும் உடல் சட்டத்தின் எஃகுக் குழாய்கள்தான். விமானம் வால் தாழ்ந்து நிற்பதால் உள்ளே வரும் தண்ணீரெல்லாம் வாலருகே உள்ள கீழ்க் குழாயை நோக்கி ஓடும். வடிகால் துளைகள் அடைத்திருந்தால் அங்கேயே தேங்கும். எலி கூடு கட்டியிருந்தால் அதன் சிறுநீர் தண்ணீரைவிட வேகமாக அரிக்கும். இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட்டுகளிலும் இதேதான், உள்ளிருந்து அடிநுனியில் துரு பிடிக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். பைப்பர் ஸ்ட்ரட்டுகளுக்கு இதற்காகவே கட்டாயச் சோதனை ஆணை உள்ளது.

வாலருகே கீழ் விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டே போங்கள். துணிக்கடியில் அரிசி மணி அளவு கொப்புளமோ, பழுப்புக் கறையோ தட்டுப்பட்டால் அந்த இடத்தில் துணியைக் கிழித்துப் பார்க்கத் தயங்க வேண்டாம். ஒட்டுப்போடுவது ஒரு மாலை வேலை.